வெள்ளை லேபிளும் வெறுங்கையும்

இனிமேல் ரெக்கார்டே வாங்குவதில்லை என்ற முடிவுக்கு நான் வந்தேன். வந்தேன் என்றால், முடிவு ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருந்தது. என் மனைவி அதை எடுத்து வைத்திருந்தாள். நான் போய்ச் சேர்ந்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் எங்கள் மகள் தவழ ஆரம்பித்திருந்தாள். வீட்டில் இருக்கிற சின்ன அறை என்னுடையது. அதாவது என் ரெக்கார்டுகளுடையது. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க இசைத்தட்டுகள், மீதி இடத்தில் மேசை, மேசைமேல் தட்டு ஓட்டுகிற டர்ன்டேபிள். மனிதன் உள்ளே போக வேண்டுமானால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போக வேண்டும். குழந்தைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. நேராகத் தவழ்ந்து போய், கீழ் அடுக்கிலிருந்து ஒரு ரெக்கார்டை உருவி, அதன் ஓரத்தைக் கடித்துப் பார்த்தாள்.

நான் போட்ட அலறலில் மேல்வீட்டுக்காரர் செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தார். யாருக்கு என்ன ஆச்சு என்றார். குழந்தைக்கு ஒன்றுமில்லை, தட்டுக்குத்தான் என்று நான் பதில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள்.

அன்றைக்கே ஒப்பந்தம் ஆயிற்று. இருக்கிற ரெக்கார்டுகள் இருக்கலாம். புதிதாக ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. தாண்டினால் சின்ன அறை குழந்தைக்கு. அலமாரி கட்டிலுக்கடியில், டர்ன்டேபிள் பரண்மேல். "சரியா?" என்று கேட்டாள். சரி என்றேன். குழந்தை தலையில் கைவைத்துச் சொல்லட்டுமா என்றேன். "அவ தலையை விட்டுடுங்க, அவ என்ன பாவம் பண்ணா" என்றாள். அப்போதே அவளுக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

என் பைத்தியம் எப்பேர்ப்பட்டது என்று சொன்னால்தான் நான் பட்ட அவமானத்தின் அளவு புரியும். டிரம் அண்ட் பேஸ் என்று ஒரு இசை. அதற்கு அண்ணன் முறையில் ஜங்கிள், பெரியப்பா முறையில் ரேவ். எல்லாம் ஒரே குடும்பம், எல்லோருக்கும் ஒரே அவசரம். பழைய டிரம் வாசிப்பு ஒன்றை எடுப்பார்கள். வெங்காயம் மாதிரி பொடிப்பொடியாக நறுக்குவார்கள். வரிசையை மாற்றி அடுக்கி, துரத்துகிற நாய்க்கு முன்னால் ஓடுகிறவன் வேகத்தில் விடுவார்கள். அடியில் பேஸ் என்கிற ஆழ்ந்த உறுமல். அது காதுக்கு இல்லை, வயிற்றுக்கு. மேலே யாருடைய குரலையாவது வேகம் கூட்டி, கோழிக்குஞ்சு மாதிரி கீச்சிட வைப்பார்கள். மாடிப்படியில் ஒரு பாத்திரக் கடை உருண்டு வருகிற மாதிரி இருக்கிறது என்றார் என் மாமியார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் அதில் அழகு.

பெரிய கம்பெனிக்காரர்கள் வெளியிடுவதை நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம். மறைவாக வருவதுதான் சரக்கு. யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் செய்து, கொஞ்சமே கொஞ்சம் தட்டு அச்சடித்து, நடுவில் வெறும் வெள்ளைத் தாளை ஒட்டிக் கடைக்கு அனுப்புவார். வெள்ளை லேபிள் என்று அதற்குப் பெயர். பாட்டுக்குப் பெயர் இருக்காது. செய்தவர் பெயர் இருக்காது. முப்பத்துமூன்று வேகத்தில் ஓட்டுவதா, நாற்பத்தைந்தில் ஓட்டுவதா என்றுகூட எழுதியிருக்காது. நாமே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். தீர்ந்தால் தீர்ந்தது, மறுபடி வராது. பெயரே போடாத மருந்துப் புட்டியை யாராவது வாங்கிக் குடிப்பார்களா? நாங்கள் குடிப்போம். வரிசையில் நின்று குடிப்போம்.

அப்படிப்பட்டவன் ஒப்பந்தத்துக்குப் பிறகு எத்தனை நாள் தாங்கினேன் என்பதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை தாங்கினேன். ஒப்பந்தம் போட்டது வியாழக்கிழமை.

வெள்ளிக்கிழமைதான் புதுத் தட்டுகள் வரும். கடை ஒரு பூட்டு சாவிக் கடைக்குக் கீழே, படி இறங்கிப் போகிற நிலவறையில் இருக்கிறது. கடைக்காரரை ஊசி அண்ணன் என்போம். டர்ன்டேபிளின் ஊசியைத் தட்டின்மேல் வைக்கிறபோது அவர் முகம் பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற தாயின் முகமாகிவிடும். வேறு எதையும் அவர் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. நானோ கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவன். நாள் முழுக்க இருட்டறையில் உட்கார்ந்து "இது தெளிவா இருக்கா, இது தெளிவா இருக்கா" என்று ஊராரைக் கேட்டுவிட்டு, வேலை முடிந்ததும் அந்த நிலவறைக்கு ஓடுவேன். ஊர்க் கண்ணையெல்லாம் சரிசெய்கிறவனுக்குத் தன் மூக்குக்குக் கீழே நடப்பது தெரியவில்லை என்று பிறகு சொன்னார்கள். சொல்லட்டும். என் மூக்குக்குக் கீழே மீசை இருக்கிறது, மறைக்கிறது.

வாங்குவது சுலபம். வீட்டுக்குள் கொண்டுபோவதுதான் கஷ்டம். ரெக்கார்டு என்பது உறையோடு சேர்த்து ஓர் அடி அகலச் சதுரம். மடங்காது, சுருளாது. அதை ஒளித்துக்கொள்ள மனித உடம்பில் ஒரே ஒரு இடம்தான் சமதளமாக இருக்கிறது. முதுகு. சட்டைக்குள் முதுகோடு சேர்த்து வைத்து, இடுப்பில் பெல்ட்டால் இறுக்கி, மேலே ஒரு கோட்டு போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பேன்.

"என்னங்க, இன்னைக்கு ஏதாவது வாங்குனீங்களா?"

"ஒண்ணும் வாங்கல. வெறுங்கையோடதான் வந்திருக்கேன்." இரண்டு கையையும் விரித்துக் காட்டுவேன்.

"வெள்ளிக்கிழமை ஆனா மட்டும் நெஞ்சை நிமித்தி நடக்கறீங்களே."

"தன்னம்பிக்கை."

"அப்ப குனிஞ்சு குழந்தையைத் தூக்குங்க."

குனிந்தால் தட்டு உடையும். எனவே முதுகை நேராக வைத்துக்கொண்டு முழங்காலை மட்டும் மடக்கி, பளு தூக்குகிறவன் மாதிரி இறங்கிக் குழந்தையைத் தூக்குவேன். குழந்தைக்கு அது பெரிய வேடிக்கை. மனைவி கையில் போனைப் பிடித்தபடி நின்றிருப்பாள். குழந்தையைப் படம் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒளித்து வைக்க இடம்? துணி துவைக்கிற மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அளவெடுத்துக் கட்டின மாதிரி ரெக்கார்டு அதில் நிற்கும். பாலிதீன் பையில் சுற்றி, ஒன்றன் பின் ஒன்றாக நிறுத்தினேன். ஒரே ஒரு சிக்கல். மெஷின் பழுது. சுற்றும்போது தட் தட தட், தட் தட தட் என்று நொண்டும். ஆள் கூப்பிட்டு ரிப்பேர் பார்க்க வேண்டுமென்று மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆள் வந்தால் மெஷினை இழுப்பான். இழுத்தால் என் மானம் வரிசையாக நிற்கும். நானே பார்த்துக்கொள்கிறேன், இதற்குப் போய் ஆள் எதற்கு என்றேன். அடுத்த வாரம் என்றேன். அதற்கடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன். மெஷின் நொண்டிக்கொண்டே ஈரத் துணியைக் கக்கியது. அவள் அதைப் பிழிந்து உலர்த்தும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஜங்கிள் பாடம் எடுப்பேன். டிரம்மை எப்படி வெட்டுகிறார்கள், எங்கே ஒட்டுகிறார்கள், குரலை ஏன் வேகம் கூட்டுகிறார்கள், எல்லாம். அவள் "ம்" என்பாள். கூடவே ஒரு துணியைக் கொடுத்து "இதைப் பிழியுங்க" என்பாள்.

இந்த இடத்தில் லேப்டாப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் நானே இசை செய்து தட்டு வெளியிடப் போகிறேன் என்று புறப்பட்டு, அதற்கென்று ஒரு லேப்டாப்பும் இசை செய்கிற சாஃப்ட்வேரும் வாங்கினேன். மூன்று மாதம் உழைத்து எனக்கு ஒரு புனைபெயர் கண்டுபிடித்தேன். அதோடு களைத்துப் போய்விட்டேன். லேப்டாப் டயப்பர் பாக்கெட்டுகளுக்கு அடியில் கிடந்தது. கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவள் வலது பாதம் நீலமாக இருந்தது. என்ன இது என்று பதறினேன். "பேனா மை, மிதிச்சுட்டா" என்றாள் மனைவி. சோப்புப் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. குழந்தை சிரித்தது. மனைவியும் சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

அதற்குச் சில வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை நிலவறைக்குள் இறங்கினால், கடையே அதிர்ந்துகொண்டிருந்தது. புதுத் தட்டு. ஜங்கிள். வெள்ளை லேபிள். அதில் பெயருக்குப் பதிலாக நீல மையில் ஒரு சின்னக் கால் தடம் மட்டும் பதிந்திருந்தது. யார் செய்தது என்று யாருக்கும் தெரியவில்லை. வந்ததெல்லாம் தீர்ந்து கடைசித் தட்டு ஒன்றுதான் மிச்சம், அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பல் டாக்டர் நின்றிருந்தார். எங்கள் கடையின் இன்னொரு பைத்தியம். தினமும் ஊர் வாயைத் திறந்து பார்க்கிறவர், கடைக்கு வந்தால் தன் வாயை மூடாதவர்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம்.

ஊசி அண்ணன் தட்டை நிறுத்தி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துத் தூக்கினார். "உங்க ரெண்டு பேர்ல யாரு இதை நல்லாப் புரிஞ்சுக்கிறீங்களோ, அவங்களுக்கு" என்றார். மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.

டாக்டர் கண்ணை மூடிக் கேட்டார். நல்ல பாட்டுத்தான், ஆனால் டிரம் என்னவோ துணி துவைக்கிற மெஷின் மாதிரி கேட்கிறது என்றார்.

எனக்கு வந்ததே கோபம்.

"டாக்டர், பல்லைப் பிடுங்குற மாதிரி பேசாதீங்க" என்றேன். "இதுவா மெஷின்? ஒவ்வொரு தடவையும் மூணாவது அடியில ஒரு நொண்டல் விழுது, கேட்டீங்களா? அது ஒரு மனுஷன் வாழ்க்கையில அடிபட்டு, மிதிபட்டு, அப்புறம் வாசிக்கிற அடி. இதை எந்த மெஷினும் குடுக்காது."

கடையில் இருந்த நாலைந்து பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் எனக்கு நிற்காது. பேஸுக்குப் போனேன். அந்தக் கொர்ர்ர் என்கிற ஆழத்தைக் கேளுங்கள், பூமி தூக்கத்தில் மூச்சு விடுகிறது என்றேன். குரலுக்கு வந்தேன். தட்டில் ஒரு கீச்சுக்குரல் துண்டுதுண்டாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது: வாங்கல, வாங்கல, ஒண்ணும், ஒண்ணும், வெறுங்கை, வெறுங்கை. நடுநடுவே ஒரு முழு வரி கீச்சென்று ஓடி மறைந்தது. இது ஒரு சிறுமி என்றேன். கடைத்தெருவைப் பார்த்து, இந்த உலகத்திடமிருந்து நான் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை, வெறுங்கையோடு வந்தேன், அப்படியே போகிறேன் என்கிறாள். சின்ன வயதில் என்ன துறவு பாருங்கள் என்றேன்.

"லேபிள்ல இருக்கற அந்தக் கால்?" என்றார் டாக்டர், விட்டுக்கொடுக்காமல்.

"குரங்கோடது. ஜங்கிள் இல்லையா?"

ஊசி அண்ணன் சட்டென்று சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இரண்டும் குலுங்கின. நிலவறையில் தூசி ஜாஸ்தி என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு தட்டை உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடையில் இந்தத் தட்டுக்கு ஒரு சின்ன வெளியீட்டு விழா, எல்லோரும் குடும்பத்தோடு வர வேண்டும், தம்பி, நீங்கள்தான் தட்டை அறிமுகப்படுத்திப் பேச வேண்டும், இப்போது பேசினதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே பேச வேண்டும் என்றார்.

வீட்டு வாசலில் வழக்கமான விசாரணை. ஒண்ணும் வாங்கல, வெறுங்கையோடதான் வந்திருக்கேன் என்றேன். முதுகில் அந்த வார்த்தைகளைச் சுமந்துகொண்டு, வாயால் அதே வார்த்தைகளைச் சொல்கிறேன். ஏதாவது பொறி தட்டியதா என்றால், இல்லை. பொய் சொல்லும்போது நான் சொல்வதை நான் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு வந்துவிடும், காரியம் கெட்டுவிடும்.

விழா விஷயம் எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது. "நானும் வரேன், குழந்தையும் வருது" என்றாள். எனக்கு வயிற்றில் பேஸ் அடித்தது. அங்கே யாராவது வாய் தவறி, இந்தத் தட்டை இவர்தான் வாங்கினார் என்று சொல்லிவிட்டால் அறை போயிற்று. அதற்காக முன்னாலேயே ஓடிப் போய், டாக்டரிலிருந்து பூட்டுக் கடைக்காரர் வரைக்கும் ஒவ்வொருவர் காதிலும் கெஞ்சினேன். நான் தட்டைப் பற்றிப் பேச வந்தவன், வாங்கினவன் இல்லை, தயவுசெய்து என் குடும்பத்தைக் காப்பாற்றுங்கள் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ரொம்ப ஆதரவாகத் தலையாட்டினார்கள். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. டர்ன்டேபிளுக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினார்கள். என்னிடம் வர வேண்டுமென்று குழந்தை கையை நீட்டி அழுதாள். மனைவி அவளை என் இடுப்பில் உட்காரவைத்துவிட்டு முன்வரிசையில் போய் நின்றுகொண்டாள். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நல்ல பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

தட்டு சுழன்றது. நான் பேசினேன். நொண்டல் அடியைச் சொன்னேன், ஒரு பெரியவர் ஆமாம் ஆமாம் என்றார். பூமியின் மூச்சைச் சொன்னேன், பின்வரிசையில் யாரோ குனிந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். உணர்ச்சி என்று நினைத்தேன். சிறுமியின் துறவுக்கு வந்தேன். வீட்டில் நமக்குத்தான் எத்தனை ஆசை, எத்தனை பொய், இந்தக் குழந்தைக் குரலைக் கேட்டு நாமெல்லாம் வெட்கப்பட வேண்டும் என்று சொல்லி நிமிர்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் குனிந்து டர்ன்டேபிளில் பளபளவென்று இருந்த பொத்தானை அமுக்கினாள். வேகப் பொத்தான். நாற்பத்தைந்தில் ஓடின தட்டு முப்பத்துமூன்றுக்கு இறங்கியது.

வேகம் இறங்க இறங்கச் சிறுமி வளர்ந்தாள். கீச்சுக்குரல் கனத்தது. கட்டை ஆனது. மீசை முளைத்தது. நிலவறையின் நாலு மூலையிலிருந்தும் ஓர் ஆண் குரல், நிறுத்தி நிதானமாக, மிகுந்த தன்னம்பிக்கையோடு சொன்னது:

"ஒண்ணும் வாங்கல. வெறுங்கையோடதான் வந்திருக்கேன்."

தட்டு மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தை ஸ்பீக்கரை உற்றுப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தாள். முகம் மலர்ந்து, விரலை நீட்டி, "அப்பா" என்றாள்.

அவள் பேசின முதல் வார்த்தை அது. எந்தத் தகப்பனும் ஏங்கிக் காத்திருக்கிற வார்த்தை. என் மகள் அதை ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்குச் சொன்னாள், ஊரே கேட்க.

அதற்கப்புறம் கிளம்பிய சிரிப்பில் மேலே தொங்கின பூட்டெல்லாம் ஆடியிருக்கும். என் காது இரண்டும் சூடாகி, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தட்டையே பார்த்தேன். மெதுவாகச் சுற்றின தட்டில் அந்த நீலக் கால் தெளிவாகத் தெரிந்தது. ஐந்து குட்டி விரல். என் இடுப்பில் தொங்கின வலது காலைப் பார்த்தேன். அதிலும் ஐந்து. நகக்கண்ணில் இன்னும் கொஞ்சம் நீலம். குரங்கு என்றேனே, என் பெண்ணை, எல்லோருக்கும் முன்னால்.

மனைவி முன்னே வந்தாள். குழந்தையை வாங்கிக்கொண்டு, பொத்தானை மறுபடி அமுக்கினாள்.

"வேகத்தை மாத்தக் கூடாதுடி செல்லம். அப்பா குரல் நாப்பத்தஞ்சுலதான் நல்லா இருக்கு."

ஊசி அண்ணன் கைதட்டி எல்லோரையும் அமைதிப்படுத்தினார். தட்டைச் செய்தவர் யார் என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்களே, இதோ, இந்தத் தங்கச்சிதான் என்று என் மனைவியைக் காட்டினார். பல் டாக்டர் முதல் ஆளாகத் தன் தட்டை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். எனக்கு முன்னாலேயே அவர் ஒன்று வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அவர் என்னோடு போட்டி போட்டது நடிப்பு. வரிசை படி ஏறி வெளியே போனது. என் மனைவி ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டாள். நான் பால் புட்டிப் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். இரண்டு பேர் என்னிடம் வந்து, அந்த வரியை நேரில் ஒரு தடவை சொல்லிக் காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் மெல்லக் கேட்டேன். எப்போது தெரியும் என்று. மெஷினுக்குப் பின்னால் குழந்தையின் காலுறை ஒன்று விழுந்ததாம். எடுக்கக் கைவிட்டால் என் பாலிதீன் பைகள் வரிசையாக நின்றனவாம். கோபம் தலைக்கேறி, வாசலில் நான் சொல்வதையெல்லாம் போனில் பதிந்து, ஆதாரத்தோடு ஊசி அண்ணனிடம் சண்டைக்குப் போனாளாம். இப்படிப் பொய் சொல்கிற ஆளுக்கு நீங்கள் எப்படி விற்கலாம் என்று அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினாளாம். அவர் மறுபடி போடும்மா, மறுபடி போடும்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

"நான் அவருக்குக் காது கேக்கலைனு நெனச்சேன். கடைசியில பார்த்தா மேசையில தாளம் போட்டுட்டு இருக்கார். இதை வெட்டி ஒட்டினா ஊரே ஆடும்மான்னார். வெட்டி ஒட்டறதுதானே, வீட்ல தெனமும் அதுக்கு வகுப்பு நடக்குதுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

குழந்தை தூங்குகிற மத்தியான நேரங்களில் டயப்பர் பாக்கெட்டுக்கு அடியிலிருந்து லேப்டாப் வெளியே வந்திருக்கிறது. ஊசி அண்ணன் தட்டு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அலமாரி முழுக்க ரெக்கார்டு வாங்கியும் செய்ய முடியாததை, அவள் என் பொய் ஒன்றை வைத்துச் செய்துவிட்டாள்.

"அப்ப அந்த டிரம்..." என்று இழுத்தேன்.

"நீங்க அடுத்த வாரம் ரிப்பேர் பண்றேன்னு சொன்ன மெஷின்."

"பேஸ்?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டு நீங்க விடற குறட்டை. பூமி மூச்சு விடுதுன்னு நல்லாத்தான் சொன்னீங்க. எனக்குக்கூட அப்படித் தோணல."

ஒரு மனிதனின் குறை எல்லாவற்றையும் திரட்டி, தாளம் போட்டு, நீல முத்திரை குத்தி ஊரெல்லாம் விற்றாகிவிட்டது. அதை அந்த மனிதனே காசு கொடுத்து வாங்கி, முதுகில் சுமந்து வந்து, ஊரைக் கூட்டிவைத்துப் புகழ்ந்து பேசியும் விட்டான். இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? தெருவிளக்குக்குக் கீழே என் நிழல்கூட என்னைவிட்டு ஒரு பக்கமாக விலகி நடந்த மாதிரி இருந்தது.

ஒப்பந்தப்படி அறை போய்விட்டது. டர்ன்டேபிள் பரணுக்கும் போகவில்லை, அலமாரி கட்டிலுக்கடியிலும் போகவில்லை. அவளுக்கு வேலைக்கு வேண்டுமாம். இப்போது சின்ன அறையில் குழந்தை ஒரு பக்கம் தூங்குகிறாள், அவள் ஒரு பக்கம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெட்டி ஒட்டுகிறாள். என் ரெக்கார்டெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பார்க்க வேண்டுமென்றால் கதவைத் தட்டிவிட்டுப் போக வேண்டும்.

திருந்தினவனாக நடந்துகொள்வது என்று தீர்மானித்தேன். முதல் காரியமாக மெஷினை ரிப்பேர் பார்க்க ஆளுக்குப் போன் போட்டேன். அவள் ஈரக் கையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். "அது மேல கை வைக்காதீங்க, அடுத்த தட்டு பாதியில நிக்குது" என்றாள். அதனால் இப்போது துணியை நான்தான் பிழிகிறேன்.

மிச்சம் இருந்தது நாக்கு ஒன்று. அதையாவது சுத்தம் செய்வோம் என்று, அடுத்த வெள்ளிக்கிழமை கோட்டு போடாமல், பெல்ட் கட்டாமல், தட்டைப் பகிரங்கமாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்றேன். வெட்கத்தில் தலை தானாகக் குனிந்தது. முதுகு வளைய முடிந்ததே ஒரு சுகமாக இருந்தது.

"என்னங்க, ஏதாவது வாங்குனீங்களா?" கையில் போன்.

"வாங்கிட்டேன்" என்றேன். "மனசு கேக்கல. ஒரு தட்டு வாங்கிட்டேன். மன்னிச்சுடு."

அவள் முகம் விழுந்துவிட்டது. நான் சொன்னது பதிந்த போனைக் காதில் வைத்து ஒரு தடவை போட்டுக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது தாளத்துல உக்காராதுங்க. கொஞ்சம் வெளியில போய், பழையபடி வந்து சொல்லுங்க."

தட்டைச் சட்டைக்குள் முதுகில் செருகிக்கொண்டு, வெளியே போய், நெஞ்சை நிமிர்த்தி உள்ளே வந்து சொன்னேன். திருப்தி இல்லை என்று மூன்று தடவை சொல்ல வைத்தாள். மூன்றாவதுதான் நம்புகிற மாதிரி இருந்ததாம்.